புளியங்கொட்டையும் கிளைத்த மூலக்கூறும்



மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கருநாடகம் தொடங்கும் இடத்தில் பாலாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. வேலூர், காஞ்சிபுரம் வழியாக ஓடிக் கடலில் சேரும் பாலாறு வேறு, இது வேறு. இது காட்டிலிருந்து இறங்கிக் காவிரியில் கலக்கும் சிற்றாறு. 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதி இவ்வாற்றின் வாய்க்கு அருகே வந்து நிற்கிறது. இப்பகுதி அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கியது. மைசூரிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர் பலருக்கு இது ஊருக்குப் போகும் வழிகளில் ஒன்று.

மலையடிவாரத்தில் தை பிறந்து பங்குனி முடியுமட்டும் புளி உலுக்கும் காலம். உழவர்களும், காட்டுப்பொருள் சேகரித்து வாழும் சோளகர் முதலிய மக்களும் பழத்தைத் தட்டி, ஓட்டை நீக்கி, நாரெடுத்து, கொட்டையைப் பிரித்துச் சதையை விற்கின்றனர். சதை நம் குழம்புக்கும் இரசத்துக்கும் வந்து சேருகிறது. மிஞ்சிய கொட்டையை நாம் எதற்கு வைத்துக்கொண்டோம்? ஒரு பக்கம் தேய்த்துத் தாயக்கட்டையாக உருட்டினோம். பல்லாங்குழியில் இட்டு ஆடினோம். கல்லில் உரசித் தோழன் கையில் சூடு வைத்தோம். பஞ்ச காலத்தில் வறுத்துத் தின்றவர்களும் உண்டு. பசை காய்ச்சியவர்களும் உண்டு. அதற்குமேல் அதைப் பொருட்படுத்தினோம் அல்லோம். ஆனால் விஞ்ஞானிகளுக்கு இக்கொட்டை ஒரு புதையல். அது ஏன் புதையல் ஆயிற்று, அப்புதையலின் திறவுகோல் எது என்பதையே இன்று ஆராய்வோம்.

கொட்டையின் செந்தோலை நீக்கினால் உள்ளே வெளிறிய பருப்பு இருக்கிறது. அப்பருப்பில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ ஒரு வகைப் பிசின். மீதி புரதமும் எண்ணெயும் பிறவும். இப்பிசின் சர்க்கரை அலகுகளால் ஆனது. ஆனால் நாவில் இனிக்காது. ஏனெனில் ஆயிரக்கணக்கான சர்க்கரை அலகுகள் ஒன்றோடொன்று கோத்து ஒரே பெரிய மூலக்கூறாகிவிட்டன. இவ்வாறு சிறு அலகுகள் பல கோத்து உண்டாகும் பொருளைப் பாலிமர் என்றும் பல்லுறுப்பி என்றும் அழைக்கிறோம். பருத்தியும் பட்டும் அரிசிமாவும் இரப்பரும் பாலிமர்களே.

பாலிமர்களில் இரு சாதி உண்டு. ஒன்று, நூல்போல நெடுக ஓடும் நேர்ச்சங்கிலி. மற்றொன்று, தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளைகள் பிரிந்த கிளைச்சங்கிலி. இவ்வேறுபாடு எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதை அறியப் பருத்தியையும் புளியங்கொட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பாலிமரால் ஆனது. அது குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த நேர்ச்சங்கிலி. புளியங்கொட்டைப் பிசினின் நடுத்தண்டும் அதே செல்லுலோஸ் தண்டுதான். அலகும் அதே, கோத்த முறையும் அதே. ஆயினும் பருத்தித் துணியை எத்தனை முறை துவைத்தாலும் அது நீரில் கரைவதில்லை. புளியங்கொட்டை மாவையோ நீரிலிட்டுக் காய்ச்சினால் கூழாகிறது. தண்டு ஒன்றாயிருக்கக் குணம் ஏன் வேறாயிற்று?

காட்டில் விறகு கட்டுபவரைக் கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். கிளை கழித்த மூங்கில்களை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து இறுகிய கட்டாகும். இடையில் கைவிரல் நுழையாது. கிளையோடு கூடிய முள்ளை அடுக்கினால் படியாது, எங்கும் இடைவெளி. செல்லுலோஸ் சங்கிலிகள் முதல் கட்டைப் போன்றவை. அவற்றின் இடையே நீர் புகுவதற்கு வழியில்லை. புளியங்கொட்டைப் பிசினோ இரண்டாவது கட்டைப் போன்றது. அதன் தண்டில் நான்கு குளுக்கோஸ் அலகுகளுக்கு மூன்று வீதம் சைலோஸ் என்னும் சர்க்கரை கிளையாக நிற்கிறது. அந்தச் சைலோஸ்களில் சிலவற்றின் நுனியில் காலக்டோஸ் என்னும் இன்னொரு சர்க்கரை தளிர்போல அமர்ந்திருக்கிறது. இக்கிளைகள் சங்கிலிகளை நெருங்கவொட்டாமல் தடுக்கின்றன. இடைவெளியில் நீர் புகுகிறது. பிசின் நீரில் கலந்து கொழகொழப்பாகிறது. இதன் அமைப்பை ஒட்டியே இதற்குச் சைலோகுளுக்கான் என்று பெயரிட்டனர்.

இப்பிசினின் தொழில் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்கியது. 1942-ஆம் ஆண்டு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோஷ், கிருஷ்ணா என்னும் இரு இந்திய விஞ்ஞானிகள், புளியம்பருப்பில் பாகுபோல உறையும் பொருள் ஏறத்தாழப் பாதியளவு இருப்பதை வெளியிட்டனர். பழப்பாகுகளை உறையச் செய்யும் பெக்டினுக்கு இது நிகர் என்று முதலில் கருதப்பட்டது. பின்னர் இதன் கட்டமைப்பு பெக்டினுடையது அன்று என்பது தெளிவாயிற்று; ‘ஜெல்லோஸ்’ என்னும் பெயரும் வழங்கிற்று. பெக்டின் உறையச் சர்க்கரையோடு புளிப்பும் வேண்டும். புளியங்கொட்டைப் பிசினுக்குச் சர்க்கரை போதும். புளிப்பில்லாத பாகிலும் அது உறையும். புளியின் கொட்டைக்குப் புளிப்பு வேண்டாம் என்பது வியப்பான செய்திதான்!

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். தானிய மாவுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. நெசவாலைகளுக்கோ நாள்தோறும் கஞ்சி வேண்டும். தறியில் ஏறும் பாவு நூல் உராய்ந்து அறுபடாதிருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுவது வழக்கம் என்பதை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மனிதர் உண்ணும் மாவை நூலுக்கு ஊட்டுவதற்குப் பதிலாகப் புளியங்கொட்டை மாவு அவ்விடத்தைப் பிடித்தது. பருத்தி ஆலைகளும், கல்கத்தாவைச் சுற்றிய சணல் ஆலைகளும் அதனைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டன. நூலும் செல்லுலோஸ், பிசினின் தண்டும் செல்லுலோஸ். ஆகவே ஒன்றையொன்று நன்கு பற்றிக்கொண்டன.

ஆயினும் வெறும் மாவுக்குச் சில குறைகள் உண்டு. அது குளிர்ந்த நீரில் முழுதும் கரையாது. கொதிக்க வைக்க எரிபொருள் வேண்டும். புரதமும் தோலின் துணுக்கும் கலந்திருப்பதால் கூழ் கலங்கலாகவும் பழுப்பாகவும் இருக்கும். ஓரிரு நாளில் புளித்து நீர்த்துவிடும். இக்குறைகளைப் போக்க வேண்டுமாயின் மூலக்கூற்றிலேயே கை வைக்க வேண்டும். இதனையே இரசாயன மாற்றம் என்கிறோம். தண்டை முறிக்காமல் கிளையைத் தொடுவதே இதன் நுட்பம். மூன்று வழிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: கிளை நுனியைக் கழிப்பது, மூலக்கூற்றில் புதிய தொகுதியைப் பொருத்துவது, புதிய நெடுங்கிளையை ஒட்டுக்கட்டுவது.

முதலாவது, நுனி கழித்தல். காலக்டோஸ் தளிர்களை மட்டும் கொய்துவிடும் நொதி ஒன்று உண்டு. நொதி என்பது உயிர்கள் உண்டாக்கும் வினையூக்கி. அதனைக் கொண்டு காலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக நீக்கினால், சங்கிலிகள் முன்னிலும் நெருங்கக் கூடியவையாகின்றன. அப்போது ஒரு விந்தை நிகழ்கிறது. கரைசலைச் சூடேற்றினால் அது உறைந்து கட்டியாகிறது; குளிர வைத்தால் மீண்டும் நீராகிறது. நாம் அறிந்த உறைபொருள் பலவும் இதற்கு மாறானவை. கடற்பாசியில் செய்த அகர் சூட்டில் இளகும், குளிரில் உறையும். தளிர் சிலவற்றைக் கொய்த அளவிலேயே பொருளின் நடத்தை தலைகீழாயிற்று. 1990-களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். உடம்பின் சூட்டில் உறைந்து, மருந்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் ஊடகமாக இதனைப் பயன்படுத்தலாமா என்னும் ஆராய்ச்சிகள் இதிலிருந்து கிளைத்தன.

இரண்டாவது, தொகுதி பொருத்தல். சர்க்கரை அலகு ஒவ்வொன்றிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சில முனைகள் உண்டு. அம்முனைகளே வேதிவினைக்கு வாயில்கள். புளியங்கொட்டைப் பிசினைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மோனோகுளோரோ அசெட்டிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால், சில முனைகளில் கார்பாக்சிமெத்தில் என்னும் தொகுதி ஒட்டிக்கொள்கிறது. இத்தொகுதி நீரில் எதிர்மின்னேற்றம் பெறும். ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? ஆகவே சங்கிலிகள் தாமே விலகி நிற்கின்றன. குளிர்ந்த நீரும் எளிதில் உட்புகுகிறது. காய்ச்சும் வேலை இல்லை. கரைசல் தெளிவாகிறது. நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு உருமாறிய சங்கிலி எளிதில் பிடிபடாமையால் விரைவில் புளிப்பதும் இல்லை. மூன்று குறைகளும் ஒரே மாற்றத்தில் குறைந்தன. எல்லா முனைகளையும் நிரப்ப வேண்டுவதில்லை. ஒரு சிலவற்றை நிரப்பினாலே போதும். எத்தனை முனை நிரம்பிற்று என்னும் கணக்கை மாற்றளவு என்பர். மாற்றளவைக் கூட்டியும் குறைத்தும் ஒரே பிசினிலிருந்து வெவ்வேறு தரங்களைச் செய்யலாம்.

சூரத்தில் வாழும் தமிழ் நேயர்கள் இப்பொருளைத் தம் கண்ணால் கண்டிருக்கக்கூடும். பாலியெஸ்டர் சேலைகளில் பூவேலை அச்சிடும்போது, சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் பிடித்துவைக்க ஒரு பசை வேண்டும். அச்சு முடிந்து சாயம் ஏறியபின் அப்பசை துவைப்பில் முற்றும் நீங்கவும் வேண்டும். கார்பாக்சிமெத்தில் ஏற்றிய புளியங்கொட்டைப் பிசின் இவ்விரு வேலைக்கும் உகந்தது. ஆனால் பருத்தித் துணிக்குரிய வினைச்சாயங்களுக்கு இது பொருந்தாது. அச்சாயம் துணியைப் பற்றுவதை விட்டுப் பசையையே பற்றிக்கொள்ளும். அங்கே கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையே நாடுகின்றனர். அப்பாசி நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது. ஒரு மாற்றம் ஒரு வேலைக்கு நன்மையானால் எல்லா வேலைக்கும் நன்மை என்று கொள்ளலாகாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, ஒட்டுக்கட்டுதல். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதை அறிவோம். அதுபோலவே பிசினின் தண்டில் ஒரு முனையைச் சீரியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு தூண்டி, அங்கிருந்து பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைப் பாலிமரை நெடுங்கிளையாக வளர்க்கலாம். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தாவரப் பிசின்களைக் கொண்டு இத்தகைய ஆராய்ச்சிகள் பல நடந்துள்ளன. இப்பொருளைக் கலங்கிய நீரில் சிறிதளவு இட்டால், நீண்டு வளையும் கிளைகள் நாற்புறமும் பரவி மண் துகள்களைப் பற்றி இழுத்து அடியில் படியச் செய்கின்றன. கிளையில்லாத நேர்ச்சங்கிலியைவிடக் கிளை ஒட்டிய சங்கிலி துகள்களை எளிதில் எட்டுகிறது. தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவித்த நம் முன்னோருக்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது.

இக்கோட்பாடு புளியங்கொட்டைக்கு மட்டும் உரியதன்று. மேட்டூர் அணைக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள சேலம், ஆத்தூர், இராசிபுரம் பகுதிகளில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் செய்யும் ஆலைகள் 1940-களிலிருந்து வளர்ந்தன. 1981-இல் அவ்வாலைகளுக்கென ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மரவள்ளி மாவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அமைலோபெக்டின் என்னும் கிளைத்த பாலிமர். அம்மாவின் சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே குறுக்குப் பிணைப்பு இட்டால், புளிப்பிலும் நெடுநேரக் கொதிப்பிலும் நீர்த்துப்போகாத கெட்டி கிடைக்கிறது. குப்பியில் அடைத்த சாறுகளுக்கும் குழம்புகளுக்கும் அது ஏற்றது. நேர்மின்னேற்றமுள்ள தொகுதியைப் பொருத்தினாலோ, எதிர்மின்னேற்றமுள்ள காகித நாரைப் பற்றிக் காகிதத்துக்கு வலிமை ஊட்டுகிறது. கிழங்கு ஒன்றே, கிளையில் செய்த வேலை வேறு, சந்தையும் வேறு.

இனி, நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். ஒரு மூட்டைப் புளியங்கொட்டை மலையடிவாரத்திலிருந்து புறப்படும்போது அதற்குரிய விலை மிகச் சிறிது. தோல் நீக்கிய பருப்பானால் விலை சற்று ஏறும். பொடியானால் மேலும் ஏறும். தூய்மையாக்கி, கிளை திருத்தி, தரம் பிரித்தபின் அதே பொருள் உணவுத் தொழிலுக்கும் மருந்துத் தொழிலுக்கும் உயர்ந்த விலையில் போகிறது. ஜப்பானில் தூய புளியங்கொட்டைப் பிசின் உணவைக் கெட்டியாக்கும் பொருளாக நெடுங்காலமாக வழங்குகிறது. இத்தாலியில், கண்ணின் ஈரப்படலத்திலுள்ள இயற்கைப் பிசினை இதன் கிளைத்த வடிவம் ஒத்திருப்பது கண்டு, வறண்ட கண்ணுக்கு இடும் சொட்டு மருந்தில் இதனைச் சேர்த்தனர். கொட்டை நம்முடையது. முதல் ஆராய்ச்சியும் நம் நாட்டில் நடந்தது. ஆயினும் கொட்டையைப் பொறுக்கும் கைக்கு அவ்விலையேற்றத்தில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

அதற்காகப் பாலாற்றங்கரையில் நாளையே இரசாயன ஆலை நிறுவுக என்று நாம் கூறவில்லை. மோனோகுளோரோ அசெட்டிக் அமிலம் தோலைப் பொசுக்கும் கொடிய நஞ்சு. ஒட்டுக்கட்டும் வினைக்கு வேண்டிய அக்ரிலமைடு நரம்பைத் தாக்குவது; வினைபுரியாது எஞ்சியதை நன்றாகக் கழுவி நீக்காவிட்டால் நீரைத் தெளிவிக்க வந்ததே நீரைக் கெடுத்துவிடும். கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் காட்டாற்றில் விட்டால் அது காவிரியில் கலந்து டெல்டா வரை செல்லும். மேலும், மாறாத பிசின் விரைவில் மட்குவது. மாற்றம் மிகுந்தால் மட்குவது தாமதப்படும். ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழக்கிறோம் என்பதை மறத்தலாகாது. இத்தகைய வேலை தகுந்த கருவியும் பயிற்சியும் கண்காணிப்பும் உள்ள ஆலைகளுக்கே உரியது.

ஆனால் ஆலைக்கு முந்திய படிகள் பல உண்டு. அவற்றுக்கு நஞ்சு எதுவும் வேண்டாம். கொட்டையைச் சதையின்றிக் கழுவி உலர்த்துதல், வண்டு துளைத்ததை விலக்குதல், மணலிலிட்டு அளவாக வறுத்துத் தோலை உடைத்தல், தோலையும் பருப்பையும் புடைத்துப் பிரித்தல் ஆகியவற்றை ஊர்க் கூட்டுறவு ஒன்று செய்யக்கூடும். வறுவல் மிஞ்சினால் பருப்பு கருகிப் பிசினின் சங்கிலி முறியும்; பிறகு எந்த விஞ்ஞானியாலும் அதன் கெட்டித்தன்மையை மீட்க இயலாது. ஆகவே, உயர்ந்த ஆலையில் நடக்கும் நுண்ணிய மாற்றத்தின் வெற்றிக்கு வித்து, மலையடிவாரத்து வறுசட்டியில் இருக்கிறது. அந்தக் கைப்பக்குவம் விலை பெறத்தக்கது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டுவாழ் மக்களுக்குச் சிறு வனப்பொருள்களின்மீது உரிமை வழங்கிற்று. 2013-14-இல் மத்திய அரசு தொடங்கிய சிறு வனப்பொருள் ஆதரவு விலைத் திட்டத்தில் புளியும் இடம்பெற்றது. உரிமையும் விலையும் ஏட்டில் ஏறிய பின், பதப்படுத்தும் அறிவும் ஊருக்குள் வந்து சேருமானால் பயன் முழுமையாகும். 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இம்மலையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நேயர்களே, சூரத்தின் அச்சுப் பட்டறையிலோ, கல்கத்தாவின் சணல் ஆலையிலோ, பெங்களூரின் ஆய்வுக்கூடத்திலோ பணிபுரியும் உங்களில் சிலர் இப்பிசினை மூட்டையாகவோ கரைசலாகவோ நாள்தோறும் கையாளக்கூடும். அம்மூட்டையின் மேல் எழுதியிருக்கும் நீண்ட இரசாயனப் பெயரைப் படிக்கும்போது, அதன் முதற்பாதி ஏதோ ஒரு புளியமரத்தடியில் ஒரு பெண் குனிந்து பொறுக்கியது என்பதை எண்ணுங்கள். எத்தகைய கொட்டை வந்தால் ஆலைக்கு நல்லது, எத்தகைய வறுவல் கெடுதி, எந்தத் தரத்துக்கு என்ன விலை என்னும் செய்திகள் உங்களுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் பலருக்குத் தெரியாது. விடுமுறையில் ஊர் செல்லும்போது அச்செய்தியை எடுத்துச் செல்வது பெரிய உதவியாகும். கிளையின் நுனியில் செய்த சிறு மாற்றம் பொருளின் குணத்தையே மாற்றுகிறது என்று கண்டோம். அம்மாற்றத்தால் விளையும் ஊதியத்தில் மரத்தடியில் நிற்பவருக்கும் ஒரு பங்கு சேர வேண்டும் என்பதே நம் விருப்பம்.